எண்ணெய் மாற்றாமல் கார் நகராது

2 செப்டம்பர் 1979, ஞாயிறு

காலையில் காரைத் துடைத்தேன். டட்சனுக்கு ஐந்து வயது. பின் இருக்கையின் பிளாஸ்டிக் உறையை இன்னும் கழற்றவில்லை. துடைத்து முடித்ததும் காருக்கென்று வைத்திருக்கும் கோப்பை எடுத்து மீட்டர் காட்டிய மைல் கணக்கைப் பதிந்தேன். கடைசியாக எண்ணெய் மாற்றியதிலிருந்து மூவாயிரத்து நாற்பத்திரண்டு மைல் ஓடியிருக்கிறது. காரோடு வந்த புத்தகத்தில் மூவாயிரத்துக்கு ஒரு தரம் மாற்று என்று போட்டிருக்கிறான். நாற்பத்திரண்டு மைல் தாமதம். சிவப்பு மையால் குறிப்பு எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

காருக்குக் கோப்பு வைத்திருப்பது என் மனைவி குணத்துக்குக் கேலி. "உங்கட கந்தோரிலயே இப்பிடி ஒரு ஃபைல் இராது" என்பாள். அரசாங்க அலுவலகத்தில் முப்பது வருட உத்தியோகம், அதில் ஒன்பது வருடம் தலைமை எழுத்தர். வேறு எப்படி இருப்பேன்?

இப்போது சிக்கல் அய்யாவு. கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் நான் நம்பிய ஒரே பட்டறைக்காரன். போன மாதம் பட்டறையை மூடிக்கொண்டு செமினிக்குப் போய்விட்டான். செமினிக்கே காரை ஓட்டிக்கொண்டு போகலாம் என்றால், போகிற வழியில் இன்னும் முப்பது மைல் தாமதம் கூடிவிடும். நானே மாற்றலாமா? எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறையாக விரலில் மையைத் தவிர வேறு கறுப்பு பட்டதில்லை.

ஆகவே முடிவு: எண்ணெய் மாற்றாமல் கார் நகராது. கோப்பிலும் எழுதிவிட்டேன்.

3 செப்டம்பர், திங்கள்

தேநீர் கொடுத்துவிட்டுக் குணம் அப்படியே நின்றாள். நின்றால் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம்.

"இஞ்சாருங்கோ, மீனாவுக்கு வாற பதினேழாந் திகதி ரேடியேஷன் துவங்கப் போகினம். இங்க கோலாலம்பூர் ஜெனரல் ஆஸ்பத்திரியில. நாலு கிழமை, சனி ஞாயிறு தவிர ஒவ்வொரு நாளும்."

மீனா என்றால் மீனலோசனி, இவளுடைய ஒரே தங்கை. கணவன் கார்த்திகேசுவோடு கிள்ளானில் இருக்கிறாள். ஜூலையில் கர்ப்பப்பையை எடுத்தார்கள். எடுத்த இடத்தில் நல்லதல்லாத கட்டி என்று கண்டார்கள். இதெல்லாம் போனில் வந்த செய்தி. நான் போய்ப் பார்க்கவில்லை, குணத்தையும் அனுப்பவில்லை.

"கார்த்திகேசுவிட்ட மோட்டார் சைக்கிள்தான் இருக்கு. வெட்டின வயிறோட அதில ஏத்தேலாது. பஸ்ஸிலயும் நிக்கேலாது. எங்கட கார் சும்மாதானே நிக்குது?"

நான் சொன்னேன்: "கார் சும்மா நிக்கேல்லை. மூவாயிரம் மைல் தாண்டிப்போச்சு. எண்ணெய் மாத்தாமல் எடுக்கேலாது."

"மாத்தினால் எடுப்பியளோ?"

"மாத்தினால் எடுக்கலாம்தானே."

அவள் கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

இங்கே யாரும் பார்க்கப் போவதில்லை, ஆகவே எழுதுகிறேன். மூன்று வருடத்துக்கு முன் மீனாவின் மூத்த மகளுக்குக் கல்யாணம். சொந்த அக்காள் வீட்டுக்கு அழைப்பிதழ் தபாலில் வந்தது. தபாலில்! ஊரில் கடைசிச் சொந்தக்காரனுக்குக்கூட வெற்றிலைத் தட்டத்தோடு நேரில் வந்து சொல்வதுதான் எங்கள் வழக்கம். எனக்கு முத்திரை ஒட்டி வந்தது. கிள்ளான் வாசல் மிதிப்பதில்லை என்று அன்றைக்குச் சொன்னேன். சொன்னது சொன்னதுதான். இருந்தாலும் எண்ணெய் விஷயம் பொய் இல்லையே? கோப்பில் இருக்கிறது.

4 செப்டம்பர், செவ்வாய்

இடியப்பம் வந்தது, சொதி வந்தது. பேச்சு வரவில்லை.

5 செப்டம்பர், புதன்

கந்தோரிலிருந்து வந்தால், குணம் கூடத்துப் பாயில் உட்கார்ந்து காரோடு வந்த புத்தகத்தைப் படித்துக்கொண்டிருக்கிறாள். ஆங்கிலப் புத்தகம். என் சிவப்புப் பென்சில் கையில். இவள் சீனியர் கேம்பிரிட்ஜ் பாஸ் பண்ணியவள் என்பது எனக்கு மறந்தே போய்விட்டது. கல்யாணப் பேச்சில் அதைச் சொல்லித்தான் என் அப்பாவைச் சம்மதிக்க வைத்தார்கள். அதற்குப் பிறகு யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

"இஞ்சாருங்கோ, சம்ப் எண்டால் என்ன?"

"அது... எஞ்சினுக்கை இருக்கிற ஒரு பாகம்."

"அது எனக்கும் விளங்குது."

 கைகால் கழுவப் போய்விட்டேன்.

6 செப்டம்பர், வியாழன்

இன்று தானே வந்து விளக்கினாள். சம்ப் என்றால் எஞ்சினின் அடியில் இருக்கும் தட்டம். எண்ணெய் அங்கேதான் கிடக்கும். ஒரு பம்பு அதை உறிஞ்சி, ஃபில்டர் வழியாக வடித்து, எஞ்சினின் ஒவ்வொரு மூலைக்கும் அனுப்பும். வேலை முடிந்த எண்ணெய் திரும்பச் சொட்டித் தட்டத்துக்கே வரும். நிற்காமல், கார் ஓடும் நேரமெல்லாம்.

"உள்ளுக்கை ஒரு தண்டு நிமிசத்துக்கு மூவாயிரம் தரம் சுத்துதாம். இரும்புக்கை இரும்பு. ஆனால் ஒண்டை ஒண்டு தொடுறேல்லை. இடையில எண்ணெய். ஒரு தலைமயிர் அளவுகூட இல்லை. அதிலதான் மிதக்குது."

எனக்கு உண்மையில் உடம்பு சிலிர்த்தது. ஐந்து வருடமாக அதன் பின்னால் உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, காரை நான் ஓட்டுவதாக நினைத்திருக்கிறேன். தலைமயிரை விட மெல்லிய எண்ணெயில் மிதந்துகொண்டு கோயிலுக்கும் கந்தோருக்கும் போய் வந்திருக்கிறேன். மூவாயிரம் என்ற எண்ணை மட்டும் தெரிந்துவைத்துக்கொண்டு, ஏன் மூவாயிரம் என்று ஒரு நாளும் கேட்கவில்லை.

இதையெல்லாம் ஏன் படிக்கிறாள் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. பதில் தெரிந்துவிடும் என்ற பயம்.

7 செப்டம்பர், வெள்ளி

கந்தசாமி கோயிலில் அய்யாவு. செமினியிலிருந்து வெள்ளிக்கிழமை தவறாமல் வந்துவிடுகிறான். நான் அர்ச்சனைச் சீட்டு வாங்கித் திரும்பினால், தேர் கொட்டகைப் பக்கம் குணமும் அவனும். இவள் கையில் குறிப்பு எழுதிய ஒரு காகிதத் துண்டு. அவன் கையால் காற்றில் எதையோ திருகிக் காட்டுகிறான்.

பிறகு என்னிடம் வந்தான். "வல்லிபுரம் சார், அம்மா என்னா இப்படிக் கேள்வி கேக்கறாங்க? வாஷர் புதுசா போடணுமா, பழசே போதுமா, ஃபில்டரை எவ்ளோ இறுக்கணும்... எங்கிட்ட வேலை கத்துக்க வந்தவன்கூட இப்படிக் கேட்டதில்ல லா!"

"நீயே ஒரு நாள் வந்து மாத்திக் குடுத்திட்டுப் போவன்" என்றேன், மெதுவாக.

"நானும் அதான் சார் சொன்னேன். அம்மா வேணாம்னுட்டாங்க. தானே செய்யறாங்களாம்."

 குணம் அந்தக் காகிதத் துண்டை விபூதிப் பொட்டலத்தோடு மடித்து வைத்திருந்தாள்.

8 செப்டம்பர், சனி

கந்தோர் அரைநாள். ஒன்றரை மணிக்கு வீட்டுக்கு வந்தால், போர்ட்டிகோவில் காரின் மூக்கு மேலே தூக்கி நிற்கிறது. ஜாக் போட்டுத் தூக்கி, அடியில் ரயில்வே சிலிப்பர் கட்டைத் துண்டுகளை அடுக்கியிருக்கிறார்கள். பின் சக்கரங்களுக்குச் செங்கல் அணை. பக்கத்து வீட்டு வேலாயுதம் ரயில்வே பட்டறையில் ஃபிட்டர். கட்டை அவன் கொடுத்தது. "நான் செஞ்சி தரேன்னு சொன்னேண்ணே, அக்கா உடல" என்று வேலியோரம் நின்று சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டே போனான்.

குணம் என் பழைய கால்சட்டையில். கழுத்துப் பட்டி கிழிந்த என் சட்டை. தலையில் துவாய். இருபத்துநான்கு வருடத்தில் இப்படி ஒரு கோலம் நான் கண்டதில்லை.

"கேற்றைச் சாத்து. ஆக்கள் பாக்கப் போகினம்."

"பாக்கட்டும். நீங்கள் அந்தக் கதிரையில இருந்து புத்தகத்தை வாசியுங்கோ. என்ர கை ஊத்தையாப் போச்சு."

இருந்தேன். வெள்ளைச் சட்டையும் டையும் அப்படியே, நாற்காலி நுனியில். ஒவ்வொரு பத்தியாக உரக்கப் படித்தேன். படித்து முடித்த பத்திக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு சரி அடையாளம் போட்டேன்.

எஞ்சினை ஐந்து நிமிடம் ஓட்டிச் சூடாக்கிவிட்டு அடியில் போனாள். வெளியூரில் படிக்கும் எங்கள் மகன் சிறுபிள்ளையில் குளித்த எனாமல் பேசினைத் தள்ளி வைத்தாள். ஸ்பேனர் போட்டு ஒரு முக்கு முக்கினாள். பிறகு விரலால் திருகினாள். அடைப்பான் ஆணி கையோடு வந்தது, எண்ணெயும் வந்தது. காப்பியை விடக் கறுப்பு. முதலில் கயிறு மாதிரி விழுந்தது, பிறகு நூலானது, பிறகு சொட்டு. நான் கதிரையை விட்டிறங்கிக் குனிந்து பார்த்தேன். மூவாயிரம் மைல் அழுக்கும் அதற்குள். ஆணியை மண்ணெண்ணெய் ஊற்றிய பால் டின்னில் போட்டாள்.

ஃபில்டர் அசையவில்லை. இரண்டு கையாலும் முயன்று பார்த்தாள். உள்ளே போய் என் கந்தோர் பெல்ட்டை எடுத்து வந்து அதைச் சுற்றி இழுத்துத் திருகினாள். கறக்கென்று விட்டது. அய்யாவு காற்றில் காட்டியது இதைத்தான். பழைய ரப்பர் வளையம் எஞ்சினில் ஒட்டியிருக்கிறதா என்று விரல் விட்டுத் தடவினாள். புதிய ஃபில்டரின் வளையத்தில் புது எண்ணெய் ஒரு விரல் தொட்டுப் பூசி, கையாலேயே இறுக்கினாள். அப்போது மேலேயிருந்து ஒரு சொட்டு அவள் கண்ணில். "மூஞ்சையைக் கழுவிப்போட்டு வாறன்" என்று கொல்லைப்பக்கம் ஓடினாள்.

அதற்குப் பிறகு நடந்ததை எழுதக் கை கூசுகிறது.

நான் மட்டும் நின்றேன். புத்தகத்தைப் பார்த்தேன். ஆறு பத்திக்கும் சரி போட்டிருக்கிறது. ஏழாவது பத்தி: புது எண்ணெய் ஊற்றவும். நானும் ஒரு வேலை செய்ய வேண்டும் என்று ஓர் ஆசை வந்தது. டின்னைத் தூக்கி மேல் மூடியைத் திறந்து ஊற்றினேன். தேன் நிறம். என்ன அழகாகப் போகிறது என்று பார்த்துக்கொண்டே முழு டின்னையும் ஊற்றினேன்.

ஆறாவது பத்தி என்ன? ஆணியைத் திரும்பப் பூட்டவும். அதற்கும் சரி போட்டிருந்தேன். நான் படித்ததும் போட்டது, அவள் செய்ததும் போட்டதல்ல. முப்பது வருடமாக அப்படித்தான் போடுகிறேன். ஆணி பால் டின்னில் கிடக்கிறது.

குணம் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். காருக்கு அடியில் தங்கக் கம்பியாகப் புது எண்ணெய் விழுந்துகொண்டிருந்தது, கறுப்பு எண்ணெய்க்குள். பேசின் நிரம்பி, தரையில்.

ஏசப் போகிறாள் என்று நின்றேன். ஏச வேண்டும் என்றுகூட நினைத்தேன்.

"நல்லது. உள்ளுக்கை மிச்சம் கிடந்த ஊத்தையும் கழுவுண்டு போயிருக்கும்" என்றாள். குடையை எடுத்துக்கொண்டு அந்தக் கால்சட்டையோடேயே உதிரிப்பாகக் கடைக்கு இன்னொரு டின் வாங்க நடந்தாள். இரண்டரை மணி வெயில். தெருவில் ஆட்கள்.

நான் போறன் எண்டு சொல்லியிருக்கலாமே! ஏன் சொல்லேல்லை? நாக்கு எங்க போச்சு? இன்னொரு கேள்வியும் இருக்கிறது. தெரியாமல்தான் ஊத்தினனா? அந்தச் சரியெல்லாம் ஒரு சாக்குத்தானா? கார் ஓடக் கூடாது எண்டு எனக்குள்ள ஒருத்தன் இருந்து ஊத்தினவனா? தெரியவில்லை. உண்மையாகவே தெரியவில்லை.

வந்தாள். ஆணியைப் பூட்டினாள், கட்டைகளை எடுத்துக் காரை இறக்கினாள். எண்ணெயை ஊற்றினாள். சாவியைத் திருகினாள். சிவப்பு விளக்கு எரிந்தது. எண்ணெய் இன்னும் மேலே ஏறவில்லை என்பதற்கு அது அடையாளம். இரண்டு விநாடி, மூன்று விநாடி. குணத்தின் விரல் சாவியை விடவில்லை. அணைந்தது. எஞ்சின் இப்படி ஒரு சத்தத்தில் ஓடி நான் கேட்டதில்லை. சத்தமே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

நிறுத்தி, கொஞ்சம் பொறுத்து, அளவுக் கம்பியை உருவித் துடைத்து, திரும்ப விட்டு எடுத்து என்னிடம் காட்டினாள். இரண்டு கோட்டுக்கும் நடுவில் சரியாக நின்றது. அவளுடைய நகக்கண்ணெல்லாம் கறுப்பு. கோயிலில் தீபம் காட்டும்போது கும்பிடுவது போலக் கை குவிக்கப் போனேன், போர்ட்டிகோவில், ஓர் அளவுக் கம்பியைப் பார்த்து.

"மாத்தியாச்சு" என்றாள். அவ்வளவுதான்.

9 செப்டம்பர், ஞாயிறு

நேற்றுக் காருக்கு அடியில் விரித்த செய்தித்தாளை விடிந்ததும் போய்ப் பார்த்தேன். ஒரு சொட்டுக்கூட இல்லை.

பழைய எண்ணெயை வேலாயுதம் கோழிக்கூட்டுக் காலுக்குப் பூச எடுத்துப் போனான், கறையான் வராதாம். என் நல்ல எண்ணெயும் அதில்தான்.

குணம் மீனாவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். கேட்காததால் சமாளிக்கவும் இடம் இல்லை.

10 செப்டம்பர், திங்கள்

லீவு எழுதிக் கொடுத்தேன். நான்கு வாரம். டைரக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். ஒன்பது வருடத்தில் நான் கேட்ட முதல் நீண்ட லீவு. காரணம் என்ற இடத்தில் "மனைவியின் தங்கைக்குச் சிகிச்சை" என்று எழுதி, "மனைவியின்" என்பதை அடித்துவிட்டு "என்" என்று போட்டு, அது சரியில்லை என்று வேறு படிவம் வாங்கி முதலில் இருந்தபடியே எழுதினேன்.

வீட்டில் சொன்னேன். குணம் திரும்பி அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கறி தீய்ந்தது. இந்த வீட்டில் கறி தீய்ந்து நான் கண்டதில்லை.

17 செப்டம்பர், திங்கள்

கிள்ளான். காரை வாசலில் நிறுத்தினேன். இறங்குவதா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே கார்த்திகேசு வந்து கதவைத் திறந்துவிட்டார். துறைமுகத்தில் இரவு வேலை முடித்து வந்தவர், தூக்கம் இல்லாத கண். "வாங்கோ அண்ணை" என்றார். இறங்கினேன். மூன்று வருடக் கோபம் ஒரு கதவுத் திறப்பில் எங்கே போனது என்று தெரியவில்லை.

மீனா வெளியே வந்தாள். பாதி ஆளாகிவிட்டாள். பின் இருக்கையில் அக்காளும் தங்கையும். பிளாஸ்டிக் சுடும் என்று குணம் முதல் நாளே உறையைக் கிழித்துப் போட்டிருந்தாள். கூட்டரசு நெடுஞ்சாலையில் இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு இருந்ததைக் கண்ணாடியில் பார்த்தேன். மீனா என்னோடு பேசவில்லை. "அக்கா, அத்தானைக் கொஞ்சம் மெதுவாப் போகச் சொல்லுங்கோ" என்றாள். மெதுவாகப் போனேன்.

25 செப்டம்பர், செவ்வாய்

ஏழாவது நாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் வரிசையாகக் காத்திருக்கிறார்கள், மலாய்க்காரர், சீனர், நம்மவர். ஒருவருக்கொருவர் பிஸ்கட் நீட்டுகிறார்கள். உள்ளே கண்ணுக்குத் தெரியாத ஒன்று கெட்டதைத் தேடி எரிக்கிறது என்கிறார்கள். நம்புவதற்குக் கடினம். ஆனால் தலைமயிரை விட மெல்லிய எண்ணெயில் கார் மிதக்கிறது என்று போன மாதம் யாராவது சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

இன்றைக்கு மீனா வாந்தி எடுத்தாள். காரில்தான். துடைத்தேன். காரைப் பற்றி ஒரு நினைப்பும் வரவில்லை என்பது துடைத்து முடித்த பிறகுதான் தெரிந்தது.

4 அக்டோபர், வியாழன்

கோப்பில் எழுத மறந்து பத்து நாள் ஆகிறது.

12 அக்டோபர், வெள்ளி

கடைசி நாள். குணம் கிள்ளான் வீட்டிலேயே நின்று சமைத்தாள். ஆகவே போகவர நானும் மீனாவும் மட்டும். இன்று அவள் முன் இருக்கையில் உட்கார்ந்தாள். டாக்டர் மூன்று மாதம் கழித்து வரச் சொன்னார். நன்றாகத் தாங்கியிருக்கிறாளாம், கட்டி இருந்த இடம் இப்போதைக்குச் சுத்தமாக இருக்கிறதாம். "இப்போதைக்கு" என்ற சொல்லை நான் இரண்டு தரம் கேட்டு வாங்கினேன்.

பத்து தீகா என்ற ஊரைத் தாண்டியதும் என்னால் வாயை அடக்க முடியவில்லை. "மீனா, முதல்ல உன்னை ஏத்திப் போக மாட்டன் எண்டு நான் சொல்லேல்லை. எண்ணெய் மாத்த இருந்தது. அதுதான் சுணங்கிப்போச்சு."

அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நாலு வாரத்தில் முதல் சிரிப்பு.

"அத்தான், அந்த எண்ணெயோட இன்னும் ஆயிரம் மைல் ஓடியிருக்கலாமாம். ஒண்டும் நடந்திராதாம். அய்யாவு எண்ட ஆள் அக்காவுக்குக் கோயில்லயே சொல்லிப்போட்டாராம்."

நான் கியரை மாற்றினேன். மாற்ற வேண்டிய இடமே இல்லை.

"நானும் அக்காவைக் கேட்டனான். பிறகேன் மண்ணில கிடந்து இந்தப் பாடு, நேர சண்டை பிடிச்சிருக்கலாமே எண்டு. அக்கா சொன்னவ, 'அவர் மாட்டன் எண்டு சொல்லேல்லை மீனா. எண்ணெய் மாத்தோணும் எண்டுதான் சொன்னவர். மாத்தினால் எடுப்பன் எண்டும் சொன்னவர். அவர் சொன்னதை நான் செய்யிறன். மிச்சத்தை அவர் செய்வார்.'"

கிள்ளான் வாசலில் இறங்கி, நானே அவள் பக்கக் கதவைத் திறந்துவிட்டேன்.

வீட்டில் இலை போட்டிருந்தது. குணம் பரிமாறிக்கொண்டே, "ஏன் ஒரு மாதிரிப் பாக்கிறியள்?" என்றாள். ஒன்றுமில்லை என்றேன். கத்தரிக்காய்க் குழம்பை இன்னொரு கரண்டி விட்டாள்.

எண்ணெய் என்று நான் சொன்னது வெறும் சாக்கு. சொல்லும்போதே எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். தெரிந்துகொண்டே அதை ஒரு மனிதன் கொடுத்த வாக்காக எடுத்துக்கொண்டு, கால்சட்டை போட்டுக்கொண்டு காருக்கு அடியில் போயிருக்கிறாள். என் வார்த்தையை நானே நம்பாத நேரத்தில் அவள் நம்பினாள்.